ஏழு நாளும் சூலம்

அன்புள்ள தம்பி தங்கராசுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். மாடுகளும் நலமாகத்தான் இருக்க வேண்டும். நாங்கள் ஊரை விட்டுப் புறப்பட்டு மூன்று நாளாகிறது, நேரில் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இந்த வயதில் உங்களுக்கு என்ன ஊர் சுற்றல் என்று கோபப்படாதே, எங்கே வந்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இந்தக் காகிதம் ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்தது. பேனாவும் இரவல், மசி திட்டுத் திட்டாக விழுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் என்னைக் குற்றம் சொல்லாதே. மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் இவ்வளவு எழுதுவதே பெரிசு என்று நீ பல தடவை சொல்லியிருக்கிறாய். அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆத்திரம் வந்திருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்னொன்று. இது உனக்கு மட்டும் எழுதும் கடிதம் இல்லை. படித்து முடித்ததும் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடாமல், உன் பொறுப்பில் இருக்கும் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டு. உன் மானம் கொஞ்சம் போகும். போகட்டும்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. நீ படித்த காலேஜிலேயே உன்னை வாத்தியாராக வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாகிறது, இந்த வருஷம் இன்டர்மீடியட் முதல் வருஷப் பிள்ளைகளை மேய்க்கும் வேலையும் உன் தலையில் விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். கிராமத்திலிருந்து வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள், ஆயுத பூஜைக்குப் போனவன் தீபாவளிக்கு முதல் நாள் வருகிறான், தீபாவளிக்குப் போனவன் வரவே இல்லை என்று புலம்பியிருந்தாய். அதிலும் நாற்பத்து மூன்றாம் நம்பர் என்று ஒருவன், எறையூர்க் கரும்புக்காரர் மகன், தீபாவளிக்குப் போய் மாதம் ஒன்றாகப் போகிறது, இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை, வருகிற வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டரிலிருந்து அவனை அடித்துவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். இத்தனைக்கும் பிள்ளைகளையெல்லாம் உட்காரவைத்து ஒரு பிரசங்கம் செய்தேன், அதற்கப்புறம் இன்னும் நாலு பேர்தான் காணாமல் போனார்கள், ஏன் என்று புரியவில்லை என்று முடித்திருந்தாய். பிரசங்கத்தையும் நகல் எடுத்துக் கூடவே வைத்திருந்தாய்.

உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. களத்தில் கடலை ஆய்ந்துகொண்டிருந்த பெண்டுகளையெல்லாம் கையை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைப் படிக்கச் சொன்னார். நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். ‘நானும் உங்களைப் போலக் கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவன்தான்’ என்பது வரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘எத்தனை தடைகள் வந்தபோதும் இரும்பை நிகர்த்த மன உறுதியால் ஒரு நாளும் பின்வாங்காமல் படித்தேன்’ என்ற இடத்தில் எனக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன், இரும்பு வந்ததும் மறுபடி இருமல். உன் அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவர் போனவர்தான். கொட்டகையிலிருந்து ஒரு மாதிரியான சத்தம் வந்தது. “மாமாவுக்கு என்னாச்சு அத்தே?” என்று ஒருத்தி கேட்டாள். “சந்தோசத்துல அழுவுறாரு, நீ கடலையைப் பாரு” என்றேன்.

தம்பி, மற்றவர்களிடம் நீ எப்படி வேண்டுமானாலும் பேசிக்கொள். ஆனால் நாலு பேர் காணாமல் போனது ஏன் என்று புரியவில்லை என்கிறாயே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அந்த முதல் வருஷத்தை நீ மறந்துவிட்டாயா, மறந்த மாதிரி நடிக்கிறாயா என்று தெரியவில்லை. நான் மறக்கவில்லை. அதில் என் குற்றமும் பாதி இருப்பதால் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். மண்ணெண்ணெய்க்கு அலைச்சல், பஸ் கரியில் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் ஏற்றம் வந்தால் நாம் இறங்கித் தள்ள வேண்டும். அந்தக் காலத்தில் விக்கிரமங்கலத்துப் பக்கத்திலிருந்து ஒரு பையன் திருச்சிக்குப் போய்க் காலேஜில் படிக்கிறான் என்றால் சும்மாவா? உனக்கு மாலை போட்டார்கள். ஏரிக்கரை வரைக்கும் கூட்டமாக வந்தார்கள். அரியலூர் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது உன் அப்பா பிளாட்பாரத்தின் கடைசி வரைக்கும் கூடவே நடந்து போய், பிளாட்பாரம் முடிந்தது தெரியாமல் கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து வழக்கம்போல மூன்று பேருக்குக் கம்பு போட்டு இடித்தேன். மறுநாளும் மூன்று பேருக்கு. உன் அப்பா உன் பங்கையும் அவரே சாப்பிட்டார். ஒரு வாரத்தில் அவருக்கு அரைஞாண் கயிறு பிடித்தது.

பன்னிரண்டாம் நாள் நீ வாசலில் வந்து நின்றாய். தலையில் டிரங்குப் பெட்டி, முகம் வற்றிப் போயிருந்தது. என்னடா ஆச்சு என்று கேட்டேன். நாலு உருண்டை களி உள்ளே போன பிறகுதான் வாய் திறந்தாய்.

“அங்க யாரும் அடிக்கக்கூட மாட்டேங்கறாங்கம்மா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிக்காததற்கு ஒருத்தன் அழுவானா? நீ சிரிக்கவில்லை. “நம்ம பள்ளிக்கூடத்துல தெரியலன்னா வாத்தியாரு பிரம்பால சாத்துவாரு, மறுபடி சொல்லிக் குடுப்பாரு. இங்க அவரு பாட்டுக்கு இங்கிலீசுல பேசிட்டுப் போயிடறாரு. நான் புரிஞ்சு கேக்கறனா, தூங்கறனான்னு யாரும் பாக்கறதில்ல. பேரு கூடக் கிடையாதும்மா, நம்பர்தான். பதினேழுன்னா நான். நான் வரலன்னா யாருக்குத் தெரியப் போவுது?” என்றாய். அப்போது எனக்கு வந்த சிரிப்பு நின்றுவிட்டது. நான் செய்திருக்க வேண்டியது, மறுநாளே உன்னைத் திருப்பி அனுப்புவது. நான் செய்தது என்ன தெரியுமா, போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்தேன்.

உன் பிள்ளைகளில் டவுன்காரர்கள் இருந்தால் அவர்களுக்கு விளக்கிச் சொல். வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு திசையில் சூலம், அந்தத் திசையில் அன்றைக்குப் பயணம் ஆகாது. திங்களும் சனியும் கிழக்கு, செவ்வாயும் புதனும் வடக்கு, வியாழன் தெற்கு, வெள்ளியும் ஞாயிறும் மேற்கு. நம் தெருவில் அப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். அடுப்பங்கரை ஆணியில் தொங்கும் பஞ்சாங்கத்தைப் பார்த்து நான் சொன்னால்தான் விதைக்கடலையை எடுப்பார்கள், மாடு பிடிக்கப் போவார்கள், பெண் பார்க்கப் போவார்கள். மணியக்காரர் பெண்டாட்டி கூட என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

“என்னைக்குத் திரும்பிப் போறது?” என்று உன் அப்பா கேட்டார். நீ வந்தது புதன்கிழமை. “நாளைக்கு வியாழன், தெக்க சூலம், ரயிலு தெக்கதான போவுது” என்றேன். வெள்ளிக்கிழமை கேட்டார். “மேக்க சூலம், அரியலூரு மேக்கால இருக்கு” என்றேன். சனிக்கிழமை கேட்டார். நம் வாசல் கிழக்குப் பார்த்தது, வண்டி முதலில் கிழக்கேதான் நகர வேண்டும், ஆகாது. ஞாயிறு மறுபடி மேற்கு. திங்கள் மறுபடி வாசல். செவ்வாய்க்கிழமை உன் அப்பா சந்தோஷமாக வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். “ஏரிக்கரையிலேருந்து ரோட்டைப் பிடிக்கற வரைக்கும் வடக்கால தானங்க போவணும்?” என்று கேட்டேன். அவர் கையிலிருந்த வைக்கோல் பிரியைக் கீழே போட்டுவிட்டு, “அப்ப இந்த ஊரை விட்டு மனுசன் எப்பத்தான் வெளியில போறது?” என்றார். அது எனக்கும் தெரியவில்லை. இன்னொரு வாரம் போய், உன் பெரியப்பா வந்து சத்தம் போட்ட பிறகுதான் உன்னை அனுப்பினேன்.

அதற்கப்புறம் உனக்கு வழி தெரிந்துவிட்டது. ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு நாள் என்று வந்தாய், ஒன்பது நாள் இருந்தாய். பிள்ளையார் சதுர்த்திக்கு வந்தாய். ஆயுத பூஜைக்கு வந்தாய். புத்தகத்துக்குப் பூஜை போட்டுவிட்டு அந்தப் புத்தகத்தைத் திறக்காமல் பத்து நாள் முந்திரித் தோப்பில் கிடந்தாய். ஒவ்வொரு நாளும் காலையில் அடுப்பங்கரைக்கு வந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி, “அம்மா, இன்னைக்கு எங்க சூலம்?” என்று கேட்பாய். நானும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஏதோ புதிதாகப் பார்ப்பது போல் பார்த்துச் சொல்வேன். ஷேக்ஸ்பியரைப் படிக்கப் போன பிள்ளைக்குப் பஞ்சாங்கம் படிக்கத் தெரியாதா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதை ஓரமாகத் தள்ளிவிட்டு உனக்குத் தோசை வார்த்தேன். நீ எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. அதை இப்போது எழுதும்போதும் கண் கலங்குகிறது. ஆனால் அந்த ஆசையில் உன் ஒரு வருஷம் ஒழிந்துபோக இருந்தது.

தீபாவளிக்கு வந்தவன் மூன்றாம் வாரமும் இங்கேதான் இருந்தாய். அப்போதுதான் காலேஜிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. அரண்மனைக் கடிதம் மாதிரி தடித்த காகிதம், கீழே வெள்ளைக்காரப் பிரின்ஸ்பால் கையெழுத்து. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, உன் அப்பாவுக்கு எந்த மொழியிலும் எழுத்து தெரியாது. நீதான் படித்தாய். படிக்கும்போது காது சிவந்ததை நான் பார்த்தேன். “என்ன தம்பி எழுதியிருக்காரு?” என்று அப்பா கேட்டதற்கு, “தீபாவளி நல்லா கொண்டாடினியா, வூட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டிருக்காருப்பா” என்றாய்.

உன் அப்பா உருகிப் போய்விட்டார். “எவ்ளோ பெரிய மனுசன்! சீமையிலேருந்து வந்தவன், நம்மளப் போயி சௌக்கியமான்னு கேக்கறான் பாரு” என்று தெருவெல்லாம் சொன்னார். அதோடு விட்டிருந்தால் நீயும் நானும் பிழைத்திருப்போம். இவ்வளவு மரியாதையாக எழுதியவருக்குப் பதில் போடாமல் இருந்தால் நம்மை என்ன நினைப்பார் என்று அவருக்கு உறுத்தல். நீ எழுதுகிறேன் என்றதற்கு, “பெரியவங்களுக்குப் பெரியவங்கதான் எழுதணும்” என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலையில் நல்ல கடலையாகப் பொறுக்கி ஒரு மூட்டை கட்டிக்கொண்டு, கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு அரியலூருக்கு வண்டி பூட்டினார். ஸ்டேஷன் மாஸ்டரைப் பிடித்து நல்ல இங்கிலீஷில் ஒரு நன்றிக் கடிதம் எழுதி வாங்கி, மூட்டையோடு ரயிலில் அனுப்புவது அவர் திட்டம். நீ முந்திரித் தோப்புக்குப் போனவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பொழுது சாயும் நேரத்தில் வண்டி திரும்பியது, மூட்டையும் அப்படியே திரும்பியது. உன் அப்பா மாட்டை அவிழ்க்கவில்லை. நேரே அடுப்பங்கரைக்கு வந்தார். கோபம் வந்தால் அவர் சத்தம் போட மாட்டார், குரல் இன்னும் தணிந்துவிடும்.

“இந்தா புள்ள, அந்தப் பஞ்சாங்கத்தை எடு.”

எடுத்தேன்.

“சூலத்துக்குப் பக்கத்துல பரிகாரம்னு ஒண்ணு போட்டிருக்காமே. அதைப் படி.”

இருந்தது, தம்பி. திசைக்குப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. கிழக்கே போக வேண்டுமானால் தயிர், வடக்கே பால், தெற்கே எண்ணெய், மேற்கே வெல்லம். வாயில் கொஞ்சம் போட்டுக்கொண்டு கிளம்பினால் தோஷமில்லை. அத்தனை வருஷமாகத் தெருவுக்கெல்லாம் அதையும் சேர்த்துத்தான் படித்துச் சொல்வேன். உன் விஷயத்தில் மட்டும் அந்த வரி என் கண்ணில் படவே இல்லை. ஒவ்வொன்றாகப் படித்தேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

“ஸ்டேசன் மாஸ்டரு பெண்டாட்டி அவருக்குச் சூலத்தன்னைக்கு வெல்லம் குடுத்து அனுப்புதாம். ‘ரயிலு ஏழு நாளும் ஓடுதுங்க, சூலத்துக்கு எங்கயும் நிக்கறதில்ல’ன்னு அந்த மனுசன் சிரிக்கறாரு. கடுதாசியில என்ன எழுதியிருக்கு தெரியுமா? திங்கக்கெழமைக்குள்ள வரலன்னா இவன் பேரை எடுத்துடுவாங்களாம். இப்பவே நாள் பத்தாது, அப்புறம் பரீச்சைக்கே விட மாட்டாங்களாம். இங்கிலீசு படிச்சவன் ஒரு பொய்யி, தமிழு படிச்சவ ஒரு பொய்யி. நடுவுல ஒண்ணும் படிக்காதவன் ஊரெல்லாம் வெள்ளைக்காரன் சௌக்கியம் கேட்டான்னு சொல்லிட்டுத் திரியறேன்.” அப்புறம் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார், “புள்ளைய அனுப்பக்கூடாதுன்னு பஞ்சாங்கத்துல போட்டிருக்கா, உன் மனசுல போட்டிருக்கா?”

நான் அழுதேன். அவர் அதற்கெல்லாம் இளகவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மேற்கே சூலம், கொஞ்சம் வெல்லம் போதும். ஆனால் உன் அப்பா என் பேச்சை இனிமேல் நம்புவதாக இல்லை. நான்தானே நம் ஊர்ப் பாதை நாலு திசையிலும் வளைகிறது என்று நிரூபித்திருந்தேன்? அதனால் நாலு பரிகாரத்தையும் வரிசையாக வைத்தார். ஒரு உருண்டை வெல்லம், ஒரு சொம்பு பால், ஒரு கிண்ணம் தயிர், ஒரு கரண்டி நல்லெண்ணெய். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று பஞ்சாங்கத்தில் போடவில்லை, அதனால் அவருக்குத் தோன்றிய அளவு. “குடி” என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் கூரையைப் பார்த்தேன். நீ குடித்தாய். இரும்பு மனசு என்று சொன்னால் அந்த எண்ணெயைக் குடித்ததற்கு வேண்டுமானால் சொல்லிக்கொள், நான் மறுக்க மாட்டேன்.

அப்பாவே கூட ஏறி வந்தார். ரயிலில் நடந்ததை அவர் சொல்லக் கேட்க வேண்டும். கல்லக்குடி வரை நீ ஜன்னலோரம் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தாயாம். புள்ளம்பாடியில் வயிற்றைப் பிடித்தாயாம். அங்கிருந்து லால்குடி, லால்குடியிலிருந்து ஸ்ரீரங்கம், எல்லா ஊரையும் நீ பெட்டியின் கக்கூசுக்குள்ளிருந்தே கடந்தாய். டிக்கெட் பரிசோதகர் கதவைத் தட்டியதற்கு, “சூலம் இறங்குதுங்க, தொந்தரவு பண்ணாதீங்க” என்றாராம் உன் அப்பா.

ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்ததும் நீ படுத்தவன்தான், மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. வைத்தியம் செய்தது தன் கை என்பதால் அப்பாவுக்கு உன்னை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. வாசல் வாட்ச்மேன் குடிசையில் படுத்துக்கொண்டார். சும்மா உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை, பிரின்ஸ்பாலுக்கென்று கட்டிய கடலை மூட்டை வேறு கையில் இருந்தது. காலையிலிருந்து பொழுது போகும் வரை ஆளுக்கு ஒரு கைப்பிடி கடலையோடு ஊர்வலம் கிளம்பிவிட்டார். சமையல்காரர், தண்ணீர் இறைக்கிறவர், தபால்காரர், எதிரில் இருந்த முடிவெட்டும் கடைக்காரர், லைப்ரரியில் தூசு தட்டுகிறவர், ஒருத்தரையும் விடவில்லை. கணக்கு வாத்தியாரை வகுப்பு வாசலிலேயே மறித்து, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னாராம், “சாமி, பதினேழுன்னு நீங்க கூப்பிடறது எம்மவன். பேரு தங்கராசு. புரியலன்னா வாயைத் தொறந்து கேக்க மாட்டான், காது செவக்கும், அதை வச்சுக் கண்டுபிடிச்சுக்குங்க. ஒரு நாளு வரலன்னா ஏன் வரலன்னு கேளுங்க. அது போதும்.” உள்ளே அறுபது பையன்கள் சிரித்தார்களாம். அன்றைக்கு உனக்கு உயிரே போயிருக்கும், தெரியும். வாத்தியார் மட்டும் சிரிக்காமல் கடலையை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார் என்று அப்பா இன்றைக்கும் சொல்வார்.

அதற்கப்புறம் நடந்ததை நீயே பொங்கலுக்கு வந்தபோது சொன்னாய், அப்போது உனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. மார்கழியில் ஒரு நாள் மறுபடி டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நழுவப் பார்த்திருக்கிறாய். வாசலில் வாட்ச்மேன், “தங்கராசு தம்பி, பொட்டியோட எங்க கெளம்பிட்ட? உங்கப்பா வந்து கேட்டா நான் என்னா பதில் சொல்றது?” என்று கேட்டைச் சாத்திவிட்டார். எதிர்க் கடைக்காரர் பாதி முகச் சவரத்தோடு ஒருத்தரை விட்டுவிட்டுக் கத்தியும் கையுமாக ஓடி வந்தார். சமையல்காரர் கரண்டியோடு வந்து, “ரசம் புடிக்கலயா தம்பி, சொன்னா மாத்தி வைக்கறேன்” என்றார். நீ வெட்கப்பட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாய். மறுநாள் கணக்கு வகுப்பில் வாத்தியார் உன் காதைப் பார்த்துவிட்டு அதே கணக்கை இரண்டாம் தடவை போட்டார். இதுதான் நடந்தது. உன்னைக் காலேஜில் நிறுத்தியது ஒரு வாட்ச்மேனும் ஒரு கரண்டியும் ஒரு மூட்டைக் கடலையும். இரும்பு என்று சொல்வதற்கு அங்கே சவரக் கத்தி ஒன்றுதான் இருந்தது.

பொங்கல் முடிந்து நீ கிளம்ப வேண்டிய நாள் காலையில், வழக்கம்போல் அடுப்பங்கரைக்கு வந்து, “இன்னைக்கு எங்க சூலம்மா?” என்று கேட்டாய். நான் பஞ்சாங்கத்தைத் தொடவில்லை. “வெல்லம் இருக்கு, வாயில போட்டுக்கிட்டுக் கெளம்பு” என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே கஷ்டமான வார்த்தை அதுதான். வண்டி ஏரிக்கரை திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து இரண்டு பேருக்கு மட்டும் கம்பு அளந்தேன். பிறகு பஞ்சாங்கத்தைப் பரணில் போட்டுவிடலாம் என்று எடுத்தபோது பார்த்தேன், ஆடி மாதத்துப் பக்கத்தில் பரிகாரம் என்ற வரிக்குக் கீழே மெல்லிசாகப் பென்சில் கோடு. நம் வீட்டில் பென்சில் வைத்திருந்தது நீ ஒருத்தன்தான். அப்போ ஆடியிலிருந்தே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டாய், தெரிந்துகொண்டே நான் சொன்னேன். நல்ல ஜோடி.

சரி, இப்போது நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று சொல்கிறேன். உன் பிரசங்கத்தைப் படித்த மறுநாள் உன் அப்பா, “வெள்ளிக்கெழமைன்னு எழுதியிருக்கான், வா போவலாம்” என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அரியலூரில் பஸ் பிடித்துப் பெரம்பலூர், அங்கிருந்து ஒரு கரும்பு வண்டியில் எறையூர். திருச்சி காலேஜுக்குப் போன பையன் வீடு எது என்று கேட்டோம், ஊரில் அப்படி ஒரு வீடுதான் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கரும்பு ஆட்டிக்கொண்டிருந்தார்கள், கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. உன் நாற்பத்து மூன்று அடுப்புக்குச் சக்கை தள்ளிக்கொண்டிருந்தான். உன் பெயரைச் சொன்னதும் சக்கையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றான், காது சிவந்துவிட்டது.

அவன் அம்மா எங்களை உட்காரவைத்துப் பாகு கொடுத்தாள். “ரொம்ப நல்ல காலேஜுங்க” என்றாள். “கரும்பு ஆட்டி முடிக்கற வரைக்கும் வூட்லயே இருன்னு லீவு குடுத்து ரெண்டு கடுதாசி போட்டிருக்காங்க.” சாமி படத்தைக் காட்டினாள். நீ இங்கிலீஷில் எழுதிய இரண்டு எச்சரிக்கைக் கடிதமும் அங்கே மஞ்சள் குங்குமம் வைத்து, பூச்சாத்தி, ஊதுபத்திப் புகையில் இருந்தன. எனக்கும் உன் அப்பாவுக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்தது. நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் பாகைக் குடித்தோம்.

பையனைத் தனியாகக் கரும்புக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போய்க் கேட்டேன். முதலில் ஒரு கரும்புத் தோகையைக் கிழித்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான், “எங்க சாரு ஒரு நாளு எல்லாத்தையும் ஒக்கார வச்சுப் பேசினாருங்கம்மா. அவரு ஒரு நாளு கூட வூட்டை நெனச்சு அழுததில்லயாம். இரும்பு மனசாம். நான் தெனம் அழுதேன். நமக்கெல்லாம் அது வராதுன்னு வந்துட்டேன்.” தோகையைக் கீழே போட்டுவிட்டு, “நான் வரலன்னா அங்க யாருக்குத் தெரியப் போவுது?” என்றான். தம்பி, அதே வார்த்தை. அதே குரல் கூட. நீ பிரசங்கம் செய்தபோது பின்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தது பழைய தங்கராசுதான், நீதான் அவனைப் பார்க்கவில்லை.

அதனால் உன் மானத்தை அங்கேயே வரப்பில் வைத்து விற்றுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு நாளும் சூலம் வைத்த கதை, சௌக்கியம் கேட்ட வெள்ளைக்காரர், நாலு பரிகாரம், புள்ளம்பாடி, கரண்டி. அவன் வாயைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்தவன் கடைசியில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் அம்மா கொப்பரையை விட்டுவிட்டு ஓடி வந்து, “ஒரு மாசமா சிரிக்காத புள்ளங்க இது” என்றாள். அப்புறம் அவளிடமும் உண்மையைச் சொன்னோம். திட்டினாள், அழுதாள், பூவை எடுத்துவிட்டுக் கடிதத்தைக் கிழிக்கப் போனாள், இங்கிலீஷ் எழுத்தாயிற்றே என்று பயந்து மறுபடி வைத்துவிட்டாள். நாளைக்கு வியாழக்கிழமை, தெற்கே சூலம் என்று இழுத்தாள். இழுத்தபோது அவள் கண்ணை நான் பார்த்தேன். நான் பார்க்காத கண்ணா அது? “எண்ணெய் ஒரு சொட்டு போதும்” என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா சொம்பைத் தேடினார், தடுத்துவிட்டேன்.

பிள்ளைகளை எப்படி நிறுத்திவைப்பது என்று கேட்டிருந்தாய். எனக்குப் பெரிய யோசனையெல்லாம் தெரியாது. நீ அழுததைச் சொல். முந்திரித் தோப்பைச் சொல். கடிதம் போட்டால் அவர்கள் வீட்டில் படிக்கத் தெரிந்த மொழியில் போடு, படிக்கவே தெரியாது என்றால் நேரில் போ. நம் வாட்ச்மேன் இன்னும் இருக்கிறார் என்றால், கடலை ஒரு மூட்டை அனுப்புகிறேன், அவரையும் கூட வைத்துக்கொள். ஒரு விஷயத்துக்கு மட்டும் உன் மேல் எனக்கு நிஜமான கோபம். மூன்று பக்கம் இந்தப் பையனைப் பற்றி எழுதியிருந்தாய். அவன் அப்பா கரும்புக்காரர் என்று தெரிந்திருக்கிறது, எத்தனை நாள் வரவில்லை என்று தெரிந்திருக்கிறது. மூன்று பக்கத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன், நாற்பத்து மூன்று என்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. பதினேழு என்று கூப்பிட்டதற்கு என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதவன் நீ.

இந்தக் காகிதம் அவன் நோட்டில் கிழித்தது. பேனாவும் அவனுடையது. தபாலில் போடவில்லை, அவன் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறேன், நீ படித்து முடிக்கும் வரை நகரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அதனால் இப்போது உன் எதிரில் ஒருத்தன் டிரங்குப் பெட்டியோடு, காது சிவந்து நின்றுகொண்டிருப்பான். கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார். அவன் பெயர் செல்லமுத்து. கூப்பிடு.

அம்மா